லாட்ஜில் பிறந்த கன்னிசாமி

ஆடு தண்ணீருக்குப் பயப்படுகிற மாதிரி வேறு எந்த உயிரும் பயப்பட்டு நான் பார்த்ததில்லை. மாடு நனைந்துகொண்டே நின்று அசைபோடும். எருமைக்கு மழை என்றால் கொண்டாட்டம். நாய் நனைந்தால் ஒரு உதறு உதறிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். ஆட்டின் முதுகில் நாலு சொட்டு விழட்டும், ஊரைக் கூட்டி நியாயம் கேட்கும். வாசலில் தேங்கிய தண்ணீரைத் தாண்டச் சொன்னால் முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு நம் முகத்தையே பார்க்கும். என் வீட்டுக்காரர் தவறிய பிறகுதான் நான் ஆடு வளர்க்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து மழை எப்போது வரும், எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்பதெல்லாம் என் கவலையாகிவிட்டது. அதற்கு முன் எனக்குக் குடை பிடிக்கக்கூடத் தோன்றாது.

குற்றாலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஆனி, ஆடிச் சாரல்தான். சாரல் பூப்போலத் தூவும். ஜனங்கள் அருவியில் குளித்துவிட்டு, பஜ்ஜி தின்றுவிட்டுப் போவார்கள். அந்தச் சீசனில் நான் கூடையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வைத்து விற்பேன். சீசன் முடிந்ததும் அவர்களுக்குக் குற்றாலம் மறந்துபோகும். எங்களுக்கு அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வருகிற மழை தூவாது, கொட்டும். மார்கழியில் அதனோடு மலைக்காற்றும் சேர்ந்துகொண்டால் குளிர் பல்லைக் கிட்டவைக்கும். அந்த மாதங்களில் இங்கே வந்து தங்குகிறவர்கள் சபரிமலைக்கு மாலை போட்ட சாமிமார்கள் மட்டும்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மார்கழியில் அப்படி ஒரு மழை பெய்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தெரு குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில், சிற்றாற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலை ஒட்டி இருக்கிறது. மகன் துபாயில் வண்டி ஓட்டுகிறான். வீட்டில் நானும் மருமகளும்தான். அப்போது என்னிடம் ஆறு ஆடுகள் இருந்தன. அதில் செவலை நிறத்தில் ஒன்று நிறைசினை. அதைப்போல ஓர் ஆடு அந்தத் தெருவில் யாரிடமும் இல்லை. நடந்து போனால் வாத்தியார் வீட்டு அம்மா மாதிரி தலையைத் திருப்பாமல் போகும்.

மழை தொடங்கிய அன்று மருமகள் அதன் மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அத்தே, மடி கல்லு மாதிரி இருக்கு. இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது."

"இன்னும் பத்து நாள் கெடக்குட்டி. நான் எத்தன ஈத்து பாத்திருக்கேன். நீ எனக்குச் சொல்லுதியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. செவலைதான் சொல்லுது."

அவளுக்கு வாய் அதிகம். எனக்கும்தான். அதனால் எங்கள் வீட்டில் ரேடியோ தேவைப்படுவதில்லை.

மறுநாள் விடிந்தபோது ஆற்றுச் சத்தம் மாறியிருந்தது. தண்ணீர் மட்டும் ஓடினால் ஒரு சத்தம். தண்ணீருக்குள் கல் உருண்டால் அது வேறு. காதில் கேட்பதற்கு முன்னால் அடிவயிற்றில் கேட்கும். நான் எழுந்ததும் செய்த முதல் வேலை ஆறு ஆட்டின் கழுத்துக் கயிற்றையும் அவிழ்த்ததுதான். கயிற்றோடு விட்டுவிட்டு ஓடிவந்து, பிறகு மார்பில் அடித்துக்கொண்டு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். கோழிகளைத் திறந்துவிட்டேன். அவை கூரைமேல் ஏறிக்கொள்ளும். கோழியைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் தெருவுக்குள் வந்துவிட்டது. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து, எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். தெரு முழுவதும் பாய், தலையணை, குழந்தைகளோடு கிளம்பிப் போனது. ஆனால் அங்கே ஆளுக்கே இடம் நெருக்கடி. ஆட்டோடு போய் நின்றால் பிள்ளைகள் தூங்கவா, இவை புழுக்கை போடவா? எனக்கு ஒருவரிடமும் போய் நிற்கிற வழக்கம் கிடையாது. யோசித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது.

"அத்தே, மேட்டுல ஒரே எடந்தான் இருக்கு" என்றாள் மருமகள்.

எந்த இடம் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஐந்தருவி போகிற ரோட்டில் இருந்த மாடி லாட்ஜ். அதன் மேனேஜருக்கும் எனக்கும் ஆகாது. சீசனில் அதன் வாசலில் கூடையை வைத்தால் "ஆச்சி, அங்கிட்டுப் போங்க, கார் வருது" என்று விரட்டுவான். அவன் படியை மிதிப்பதில்லை என்று நான் சொல்லியிருந்தேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருந்தேன், நாலு பேர் கேட்டார்கள்.

"கார் ஷெட்டுக்குப் படி கெடையாது அத்தே" என்றாள் மருமகள். "சரிவுதான்."

அது நியாயமான பேச்சாக எனக்குப் பட்டது.

செவலையை எப்படித் தூக்குவது? சினை ஆட்டைத் தோளில் போடக்கூடாது, வயிறு அழுந்தும். அடுத்த வீட்டுத் தம்பி அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அருவியில் குளிக்கத் தடை போட்டால் அவருக்கு வேலை இல்லை. அதனால் வீட்டில் இருந்தார். வெள்ளம் வந்ததும் அவர் எடுத்தது ஒரே ஒரு பை. அதில் அவருடைய எண்ணெய்ப் பாட்டில்கள் இருந்தன. நல்லெண்ணெயில் சுக்கு, கற்பூரம், இன்னும் என்னென்னவோ பச்சிலை போட்டுக் காய்ச்சுவார். என்ன சேர்க்கிறார் என்று அவர் பெண்டாட்டிக்கே சொன்னதில்லை. பெண்டாட்டி பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பையைக் கழுத்தில் மாட்டியபடி எங்களுக்காகத் திரும்பி வந்தார்.

ஒரு கோணிச் சாக்கை விரித்து அதில் செவலையை நிறுத்தி, நாலு மூலையையும் பிடித்துத் தூக்கினோம். முன்னால் அவர், பின்னால் நானும் மருமகளும். மற்ற ஐந்தும் தண்ணீரைப் பார்த்துக் கத்திக்கொண்டு நின்றன. செவலை போவதைக் கண்டதும் வேறு வழியில்லாமல் எங்களைத் திட்டிக்கொண்டே பின்னால் வந்தன.

"பல்லாக்குல போறவுகளுக்கு என்ன கொறச்சல்" என்றார் தம்பி மூச்சு வாங்க. "ஆச்சி, இவ்வளவு கனத்துல உள்ள எத்தன பேரு இருக்காவ?"

"பேசாம நடவே. கால வழுக்கும்."

மேனேஜர் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டான்.

"ஆச்சி! சீசன்ல வாசல்ல உக்காராதீயன்னு சொன்னேன். இப்ப குடும்பத்தோட உள்ளயே வந்துட்டீயளே!"

"கார் ஷெட்டு சும்மாதான கெடக்கு. மழை விடுத வரைக்கும் இங்கன நிக்கும். புழுக்கைய நான் அள்ளிருவேன்."

நான் கேட்கவில்லை, சொன்னேன். கேட்டிருந்தால் இல்லை என்று சொல்ல அவனுக்கு வழி கிடைத்திருக்கும்.

"மொதலாளி திருநெல்வேலில இருந்து கேமராவுல பாப்பாரு ஆச்சி."

"பாக்கட்டும். நல்லாருக்காரான்னு நான் கேட்டேன்னு சொல்லு."

"கரண்டே இல்லயே, கேமரா எப்படி ஓடும்?" என்று மருமகள் கேட்டாள்.

அவன் மேலே பார்த்தான், கேமராவைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். அதற்குள் ஆடுகள் உள்ளே போய்த் தங்களுக்கு இடம் பிடித்துவிட்டன.

அந்த லாட்ஜில் அன்று மதுரைப் பக்கமிருந்து ஒரு சின்ன பஸ் நிறையச் சாமிமார்கள் தங்கியிருந்தார்கள். மலைக்குப் போகிற வழியில் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள், மழையில் மாட்டிக்கொண்டார்கள். கறுப்பு வேட்டியும் மாலையுமாக மாடியிலிருந்து இறங்கிவந்தார்கள். அதில் நாலைந்து இளவட்டங்கள் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்பின.

"எங்கன போறீய?" என்றேன்.

"அருவியைத் தூரமா நின்னு பாத்துட்டு வந்துடுறோம் பாட்டி."

"அருவில தண்ணி மட்டும் வருதுன்னு நெனச்சியளா? மரம் வருது, பாறை வருது. நீங்க அதப் பாக்க முன்ன அது ஒங்களப் பாத்துரும். மாலைய போட்டுக்கிட்டு அம்மைய அழவைக்கவா வந்தீய? ஏறுங்க மேல!"

அவர்களுக்குப் பின்னால் நின்ற குருசாமி சிரித்துவிட்டார். குருசாமி என்றால் அந்தக் கூட்டத்தை மலைக்கு நடத்திப் போகிறவர். வெள்ளைத்தாடி, பெரிய வயிறு, என்னைவிட நாலைந்து வயது இளையவராக இருக்கலாம். "காலையிலேருந்து நான் சொல்லிக் கேக்காத பயலுக. மாளிகப்புறம் சொன்னதும் நின்னுட்டாங்க பாரு" என்றார்.

மாலை போட்டவர்கள் எல்லா உயிரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். பெண் என்றால் மாளிகப்புறம். அது அவர்கள் விரதம். மேனேஜரும் சாமி, எண்ணெய்த் தம்பியும் சாமி, கார் ஷெட்டில் ஒதுங்கியிருந்த தெருநாயும் சாமி. எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு நாயைத் திட்டவேண்டியிருந்தாலும் "அங்கிட்டுப் போங்க சாமி" என்று மரியாதையாகத்தான் திட்ட வேண்டும்.

கார் ஷெட்டில் கூரை இருந்ததே தவிரச் சுவர் இல்லை. காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போனது, தண்ணீரையும் அள்ளிக்கொண்டு வந்தது. மத்தியானம் நெருங்கும்போது செவலை மற்ற ஆடுகளை விட்டு ஒதுங்கியது. காலால் தரையைச் சுரண்டியது. படுத்தது, எழுந்தது, திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்தது. மருமகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"பத்து நாள் முடிஞ்சிட்டு போலயே அத்தே" என்றாள்.

அந்தக் காற்றில் குட்டி விழுந்தால் நின்று எழுவதற்குள் விறைத்துவிடும். பெரிய ஆடு குளிரைத் தாங்கும். இப்போது விழுந்த குட்டி ஈரத்தோடு தாங்காது. சாப்பாட்டு ஹாலுக்குள் கொண்டுபோக வேண்டும் என்றேன். மேனேஜர் வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

"அங்கன சாமிமார் சாப்பிடுதாவ ஆச்சி. பெத்துப்போட்டா தீட்டுல்லா? அவிய வெரதம் என்ன ஆவுறது?"

அது நான் யோசிக்காத சங்கதி. மாலை போட்ட வீட்டில் பிள்ளை பிறந்தால் மாலையைக் கழற்றிவிடுவார்கள். ஆட்டுக்கு என்ன கணக்கு என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் குருசாமியைப் பார்த்தோம். அவர் தாடியைத் தடவினார். அவர் தடவிக்கொண்டிருந்தபோதே செவலை ஒரு முக்கு முக்கியது.

"மேனேஜர் சாமி, தீட்டெல்லாம் நமக்குத்தான். வாயில்லாத ஜீவனுக்கு ஏது தீட்டு? மாளிகப்புறத்தை உள்ள கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்து "வாங்க ஆச்சி" என்றான்.

"இவங்களை இல்ல" என்று குருசாமி செவலையைக் காட்டினார்.

ஹாலில் சாப்பாட்டு மேசைகளை ஓரமாக நகர்த்தி, சாக்குகளை விரித்தோம். கதவிடுக்கில் காற்று வந்தது. சாமிமார்கள் போர்வைகளைப் பிடித்துக்கொண்டு செவலையைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். அவர்களாகவே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஒரு பெண்பிள்ளை பெறுகிற இடத்தில் ஆம்பளைகள் எப்படி நிற்பார்களோ அப்படி. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. அதுவரை எதிர்த்த மேனேஜரே சமையல்கட்டிலிருந்து கரி அடுப்பைக் கங்கோடு தூக்கிக்கொண்டு வந்தான். மேல் ஜன்னலைத் திறக்கவைத்துவிட்டுத்தான் அதை வைக்க விட்டேன். மூடிய அறைக்குள் கங்கை வைத்துக்கொண்டால் குளிர் போகும், ஆளும் போய்விடும்.

முதல் குட்டி சுகமாக விழுந்தது. பெட்டை, தாயைப்போலவே செவலை. தாய் உடனே திரும்பி நக்கத் தொடங்கியது. அப்படி நக்கும்போது அது உள்ளுக்குள் ஒரு சத்தம் போடும், குட்டியைத் தவிர வேறு யாருக்கும் போடாத சத்தம். குட்டியின் வாசம் அதன் மூக்கில் ஏறுவது அந்த நேரத்தில்தான். அந்த வாசம் உள்ளதுதான் அதற்குப் பிள்ளை. மற்றதெல்லாம் ஊரான் வீட்டுக் குட்டி.

இரண்டாவது கொஞ்ச நேரம் கழித்து வந்தது. கிடாய். துணிபோல விழுந்தது. அசையவில்லை. தாய் முதல் குட்டியை நக்குவதிலேயே இருந்தது. நான் மூக்கையும் வாயையும் துடைத்துவிட்டு, பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி ஓர் ஆட்டு ஆட்டினேன். ஒரு தும்மல் வந்தது. உயிர் இருந்தது, ஆனால் சூடு இல்லை. காது பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"நல்லாத் தொடைச்சிக் கங்குப் பக்கம் வச்சிக்கிடும்" என்று எண்ணெய்த் தம்பியின் கையில் கொடுத்தேன். தாய்க்கு வெல்லம் போட்ட வெந்நீர் வேண்டும் என்று நானும் மருமகளும் சமையல்கட்டுக்குப் போனோம். அங்கே சாமிமார்களின் சமையல்காரர் அண்டா நிறையச் சாம்பார் சாதம் கிளறிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் இருக்கிற எங்கள் தெருச் சனத்துக்கும் சேர்த்துப் பொங்கச் சொல்லிவிட்டாராம் குருசாமி. வெல்லத்தைத் தேடி, தண்ணீரைச் சுடவைத்து, திரும்பி வந்தபோது ஹாலே மணத்தது.

குட்டி பளபளவென்று இருந்தது. தலைமுதல் வால்வரை எண்ணெய். தம்பி அதை மடியில் மல்லாக்கப் போட்டு, நெஞ்சு, முதுகு, தொடை என்று விரல் நுனியால் தேய்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் நிமிர்ந்திருந்தது. வாயைத் திறந்து "மே" என்றது.

"என்னவே செஞ்சு வச்சிருக்கீரு?"

"தொடைக்கத்தான் ஆச்சி செஞ்சேன். சூடு ஏறல. எண்ணெயக் கங்குல காட்டி ஒரு கை தேச்சேன், மூச்சு நல்லா வந்துட்டு. அப்புறம் கை நிக்கல."

சுற்றி நின்ற சாமிமார்களுக்கு ஒரே சந்தோஷம். "கன்னிசாமி பொழைச்சிட்டாரு!" என்று ஒருவர் கத்தினார். முதல் தடவையாக மாலை போடுகிறவரைத்தான் கன்னிசாமி என்பார்கள். உலகத்துக்கே முதல் தடவையாக வந்தவருக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இந்த மணத்துக்குள் தாய் தன் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிக்கும்? குட்டியை வாங்கித் தாயின் முன்னால் விட்டேன்.

செவலை மோந்து பார்த்தது. மூக்கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு செருமியது. குட்டி தள்ளாடித் தள்ளாடி மடியைத் தேடிப் போனது. தாய் தலையைக் குனிந்து ஒரே முட்டு. குட்டி கவிழ்ந்தது. குட்டி எழுந்தது, மறுபடி போனது. மறுபடி முட்டு.

"என்ன ஆச்சி, பெத்த பிள்ளைய முட்டுது?" என்றான் மேனேஜர்.

"அதுக்கு இது பிள்ளை இல்ல. எங்கயோ சீசனுக்கு வந்து எண்ணெய் தேச்சிக் குளிக்க நிக்குத ஆளு."

யாரும் சிரிக்கவில்லை. சீம்பால் உள்ளே போகாத குட்டி அந்தக் குளிரில் ராத்திரியைத் தாண்டாது. தாயைப் பிடித்துக்கொண்டு ஒரு வேளை குடிக்கவைக்கலாம். ஒவ்வொரு வேளையும் யார் பிடிப்பது? நாங்கள் தூங்கும்போது முட்டியே கொன்றுவிடும். தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். "ரூமுக்கு ரூம் ஷாம்பு இருக்கு, குளிப்பாட்டிருவமா?" என்று மேனேஜர் கேட்டான். இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய சூட்டைத் தண்ணீர் ஊற்றி இறக்குவதா? வேண்டாம் என்றேன். குருசாமி விபூதி பூசினார். குட்டி தும்மியது, அவ்வளவுதான். மருமகள் சமையல்கட்டுக்கு ஓடிப்போய்க் கடலைமாவு கொண்டுவந்தாள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அவள் தலைக்குத் தேய்க்கிறதுதான். குட்டிமேல் தூவி, தேய்த்து, உதறினோம். எண்ணெய் பாதி போனது. மணம் போகவில்லை. மாவும் எண்ணெயும் கங்குச் சூட்டில் சேர்ந்து இன்னொரு மணம் கிளம்பியது.

"இப்ப பஜ்ஜி வாசம்லா அடிக்குது!" என்றாள் மருமகள்.

"சாமி சரணம், விரதத்துல இருக்கோம் மாளிகப்புறம்" என்று குருசாமி மூக்கைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் ஹாலில் எல்லாரும் சிரித்தார்கள். தாய் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு முட்டு வைத்தது.

நான் தரையில் உட்கார்ந்து செவலையின் முகத்தைப் பார்த்தேன். அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. மூக்கு என்ன சொல்கிறதோ அதைத்தான் அது கேட்கும். குட்டியிடமிருந்து இந்த மணத்தை எடுக்க முடியாது. எடுக்க முடியாவிட்டால்?

"தம்பி, பாட்டில்ல இன்னும் எண்ணெய் இருக்கா?"

"இருக்கு ஆச்சி. எதுக்கு?"

"தாய்க்கும் தேயும்."

அவருக்கு முதலில் புரியவில்லை. "மூக்குத்தண்டுல, மோவாயில, கழுத்துல, முதுகுல, மடியச் சுத்தி. காம்புல மட்டும் படக்கூடாது. இது எங்கன மோந்தாலும் ஒம்ம எண்ணெய்தான் மணக்கணும். தானும் அதே மணம், பிள்ளையும் அதே மணம்னு ஆயிட்டுன்னா யாரக் கோவிக்கும்?"

"பெட்டைக்குட்டிக்கு?"

"அதத் தொடாதேயும். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

தம்பி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பாட்டிலைக் கங்கில் காட்டிச் சூடாக்கினார். அருவிக்கரையில் ஆள் வந்து உட்கார்ந்தால் எப்படித் தொடங்குவாரோ அப்படியே இரண்டு உள்ளங்கையையும் உரசிக்கொண்டு செவலையின் முன்னால் குந்தினார். நானும் மருமகளும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். முதலில் மூக்குத்தண்டில் ஒரு இழுப்பு. செவலை தும்மியது, நாக்கை நீட்டி மூக்கை நக்கியது, மறுபடி தும்மியது. அடுத்து காதடி, பிடரி, முதுகெலும்பின் இரண்டு பக்கமும். வழக்கம் விடுமா? நடுவில் முதுகில் தட் தட்டென்று தாளமும் போட்டார்.

"கழுத்த லூசா விடுங்க சார்" என்று சொல்லிவிட்டார்.

"சாரா? மாளிகப்புறம்னு சொல்லும் சாமி!" என்றார் குருசாமி.

"மாளிகப்புறம், கழுத்த லூசா விடுங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், அது லூசாக விட்டது. வலி எடுத்து இரண்டு பெற்ற உடம்பு அல்லவா? கண் பாதி மூடிக்கொண்டது. பின்னங்கால் தளர்ந்தது. கீழ்த்தாடை அசைபோடத் தொடங்கியது. எனக்கே அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிடலாம்போல இருந்தது.

நான் உள்ளே போய் ஒரு கை உப்பு எடுத்துவந்து வெந்நீரில் கரைத்து, குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தொட்டுத் தடவினேன். உப்பென்றால் ஆடு எதையும் மறக்கும். பிறகு குட்டியைத் தாயின் மூக்குக்கு நேராகக் காட்டாமல், அது இன்னும் கிறக்கத்தில் இருந்தபோதே, பக்கவாட்டில் மடிக்குக் கொண்டுபோனேன். முதல் குட்டி ஒரு காம்பைப் பிடித்திருந்தது. அதனோடு இதை உரசவிட்டேன்.

செவலை தலையைத் திருப்பியது. முதல் குட்டியை மோந்தது. தன் முன்னங்காலை மோந்தது. கிடாயை மோந்தது. தலை கொஞ்சம் பின்னால் போனது. முட்டப்போகிறது என்று மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டான். மறுபடி மோந்தது. நாக்கு வெளியே வந்தது. உப்பு பட்டது. ஒரு நக்கு. நிறுத்தி யோசித்தது. இன்னொரு நக்கு. அப்புறம் நிற்கவே இல்லை, வாலடியிலிருந்து கழுத்துவரை வழித்து வழித்து நக்கியது. எண்ணெய், விபூதி, கடலைமாவு எல்லாம் அதன் வயிற்றுக்குள் போனது. நக்கிக்கொண்டே உள்ளுக்குள் அந்தச் சத்தத்தைப் போட்டது.

குட்டி காம்பைத் தவறவிட்டது, மடியின் ஓரத்தைச் சப்பியது, மறுபடி தேடியது. நான் கை வைக்கவில்லை. அது தானாகக் கண்டுபிடித்தது. பிடித்ததும் முன்னங்கால் இரண்டையும் மடக்கி மண்டியிட்டது, வால் துடிக்கத் தொடங்கியது. பால் உள்ளே இறங்கினால்தான் வால் அப்படித் துடிக்கும். அதைப் பொய்யாகத் துடிக்கவைக்க எந்தக் குட்டிக்கும் தெரியாது.

"குடிக்குதா ஆச்சி?" என்று தம்பி கேட்டார்.

"வாலப் பாரும்."

அவ்வளவுதான், அத்தனை சாமிமார்களும் ஒரே குரலில் சரணம் போட்டார்கள். ஹால் அதிர்ந்தது. செவலை துள்ளி எழப் பார்த்தது. "ஏலே, பால் குடிக்குத எடத்துல என்ன சத்தம்!" என்று நான் போட்ட அதட்டலில் குருசாமிகூட வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் இருபது ஆம்பளைகள் ஒரு குட்டியின் வாலைப் பார்த்துக்கொண்டு, மூச்சுச் சத்தம் இல்லாமல் நின்றார்கள். மேனேஜர் மெதுவாக வந்து என் பக்கத்தில் குந்தி, "தொரசானி மாதிரில்லா இருக்கா ஆச்சி" என்று காதோடு சொன்னான். செவலையைத்தான் சொன்னான். நான் ஒத்துக்கொண்டேன். நல்லதைப் பார்த்தால் நல்லது என்று சொல்லத் தெரிந்த ஆள்தான் அவன்.

மழை விட்டு, தண்ணீர் வடிந்ததும் சாமிமார்கள் பஸ் ஏறினார்கள். ஒவ்வொருவரும் கன்னிசாமியின் தலையைத் தொட்டுவிட்டுத்தான் ஏறினார்கள். நாங்கள் சேறு படிந்த தெருவுக்கு ஆடுகளோடு திரும்பினோம். அங்கே ஒரு வேடிக்கை. மற்ற ஐந்து ஆடுகளும் செவலையைக் கிட்டே அண்டவிடவில்லை. மோந்து பார்ப்பது, செருமுவது, விலகிப்போவது. எண்ணெய்க்கடைக்காரி யாரோ தொழுவுக்குள் வந்துவிட்டதுபோல ஒதுங்கி நின்று பார்த்தன.

செவலை அதைச் சட்டை செய்யவில்லை. தொழுவின் காய்ந்த மூலையாகப் பார்த்துப் படுத்து, ஒரு பக்கம் பெட்டையையும் இன்னொரு பக்கம் கிடாயையும் அணைத்துக்கொண்டு, இரண்டையும் மாற்றி மாற்றி நக்கிக்கொண்டிருந்தது.